எழுபத்தேழாம் தேதி

"கையெழுத்துப் போட்டுட்டுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க சார். மூணு நாள் வீட்ல இருக்கட்டும்."

சந்திரகலா டீச்சர் கடிதத்தை மேஜைமேல் தள்ளினார்.

ஜோசப் ஆனந்த் தட்டாஞ்சாவடி ஒர்க்‌ஷாப்பில் பர்மிஷன் சொல்லிவிட்டு அப்படியே ஓடி வந்திருந்தார். கையில் கிரீஸ்கூடப் போகவில்லை. பக்கத்தில் மகள் மெரின், ஆறாம் வகுப்பு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"எம் பொண்ணு காப்பி அடிக்க மாட்டா டீச்சர். கணக்குன்னா அவளுக்கு உசிரு."

"எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்றாங்க. இருபது கேள்வி, வெறும் விடை மட்டும் எழுதணும். உங்க பொண்ணும் பக்கத்துல உட்கார்ந்திருந்த இளமாறனும் நாலு கணக்கைத் தப்பாப் போட்டிருக்காங்க. நாப்பத்தொண்ணு வரணும், ரெண்டு பேரும் நாப்பத்தேழு. அறுபத்தொண்ணு வரணும், ரெண்டு பேரும் அறுபத்தேழு. நாலும் இதே கதை. இது தானா அமையுமா?"

"அந்தப் பையன் இவளைப் பார்த்து எழுதியிருக்கக் கூடாதா?"

பக்கத்து மேஜைகளில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிமிர்ந்தார்கள். அதைவிடச் சட்டென்று குனிந்துகொண்டார்கள்.

"இளமாறன் கிளாஸ் ஃபர்ஸ்ட். அவனைப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். உங்க பொண்ணு போன மாசம் சேர்ந்தவ. யார் யாரைப் பார்த்து எழுதுவாங்க?"

"பேப்பரை ஒருதடவை காட்டுங்களேன்."

"பிரின்சிபாலுக்குப் போற ஃபைல்ல வச்சாச்சு. இருபத்திரண்டு வருஷமாத் திருத்துறேன். தப்புன்னு சொல்லி ஒரு பேப்பர்கூடத் திரும்பி வந்ததில்ல. முதல்ல கையெழுத்துப் போடுங்க."

"நான் பார்க்கலப்பா" என்றாள் மெரின், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஜோசப் ஆனந்த் கடிதத்தைப் படித்துப் பார்த்தார். இந்தக் காகிதம் ஃபைலில் ஏறினால், பிள்ளை பள்ளியை விட்டுப் போகிறவரைக்கும் திருட்டுப் பட்டம்தான். ஆனாலும் மனுஷர் குரலை உயர்த்தவில்லை.

"வந்தேன்கிறதுக்குக் கையெழுத்துப் போடுறேன். ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமில்ல."

போட்டார். கீழே தேதியும் எழுதினார்.

டீச்சர் அதைப் பார்த்துச் சிரித்தார். "சரியாப் போச்சு. எந்த ஊர்ல சார் எழுபத்தேழாம் தேதி வருது?"

"பதினொண்ணு டீச்சர். இன்னைக்கு ஜூலை பதினொண்ணுதானே? நான் படிச்சது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அங்க ஒண்ணுக்கு உச்சியில மூக்கு மாதிரி ஒரு கோட்டை நீளமா இழுப்போம். ஏழுன்னா நடுவுல குறுக்கே ஒரு கோடு போடுவோம். இதோ, மாசத்துல போட்டிருக்கேன் பாருங்க. மெரினும் அஞ்சாவது வரைக்கும் அங்கதான் படிச்சா. அவளும் ஒண்ணு எழுதினா..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. டீச்சரின் கை அதற்குள் மேஜைமேல் இருந்த ஃபைலைப் பிரித்துவிட்டது.

மெரினின் பேப்பரைப் பார்த்தார். பிறகு தேதியைப் பார்த்தார். மறுபடி பேப்பர்.

"அப்போ இது நாப்பத்தொண்ணு. இது அறுபத்தொண்ணு. நாலுமே சரி."

அடுத்த பேப்பரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். குரல் இறங்கிப்போனது.

"இளமாறன் எழுதியிருக்கிறது நம்ம ஏழு. சந்தேகமே இல்லாத ஏழு. இவளோட ஒண்ணை எட்டிப் பார்த்து, ஏழுன்னு நினைச்சு எழுதியிருக்கான். நானும் அப்படித்தான் நினைச்சேன்."

மெரினின் பேப்பரில் இருந்த பூஜ்யத்தை அடித்தார். இருபது போட்டார். எழுந்து நின்றார்.

"மெரின், மிஸ் தப்புப் பண்ணிட்டேன்மா. என்னை மன்னிச்சிடு." அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பிறகு கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டார்.

"அவன் பார்த்து எழுதினது உனக்குத் தெரியுமா?"

மெரின் தலையாட்டினாள்.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரியும் மிஸ்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜோசப் ஆனந்துக்கு இப்போது கோபம் போய், பார்த்தேயிராத அந்தப் பையன்மேல் இரக்கம் வந்துவிட்டது. பெத்த மனசு அப்படித்தான்.

"போகட்டும் விடுங்க டீச்சர். சின்னப் பையன். அவங்க அப்பா அம்மாவைக் கூப்பிட்டு இப்படி எல்லார் எதிர்லயும் நிக்க வைக்காதீங்க. நான் பட்டது போதும்."

"உங்களை நிக்க வச்சேனே சார்."

டீச்சர் இன்னொரு கடிதம் எடுத்தார். மாணவர் பெயர் என்ற இடத்தில் இளமாறன் என்று எழுதினார். மூன்று நாள் என்பதை மாற்றவில்லை.

"யாரையும் கூப்பிட வேண்டியதில்ல" என்றவர், பெற்றோர் கையொப்பம் என்ற இடத்துக்கு வந்ததும் ஒரு நொடி நின்று, தெளிவாகக் கையெழுத்துப் போட்டார்: சந்திரகலா.