அழவேண்டிய இடம்

அழிந்துவரும் கிராம தர்மத்தைக் காப்பாற்ற யுகத்துக்கு ஒருவர்தான் பிறக்கிறார். இந்த யுகத்துக்கு உரியவர், மைசூரில் ஒரு டாக்கி கொட்டகையின் பின்வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் டைரக்டர் சூசைநாதன்; திரையில் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய முதல் பேசும் படம். சாமராஜநகர்ப் பக்கத்திலிருந்து ரயிலில் கூட்டிவந்த தமிழ்க் குடியானவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் தாலுகா அதிகாரியான அமல்தார்.

"நம்ம ரைத்துங்க கண்ணுல தண்ணி வந்தாப் போதும் ரீ. தாலுகா பூரா சர்க்கார் செலவுல காட்ட உத்தரவு போட்டுடறேன்" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அழவேண்டிய இடம் வந்தது. தானுண்டு, தன் சூட்டுண்டு, சிகரெட்டுண்டு என்று பட்டணத்தில் திரியும் புருஷனால் கைவிடப்பட்ட கதாநாயகி, பசியில் துடிக்கும் குழந்தைக்காகச் செம்பைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினாள். "கோமாதா, நீயும் என்னைக் கைவிடாதே!" என்று பாடிக்கொண்டே பால் கறந்தாள்.

தரையில் ஒருவன் சிரித்தான். அடுத்த நிமிஷம் மொத்தத் தரையும் சிரித்தது.

அமல்தார் திரும்பினார். "ஏன்ரீ சூசைநாதன், இது தமாஷ் படமா?"

சூசைநாதனுக்கு ரத்தம் கொதித்தது. இந்த ஒரு காட்சிக்காக என்ன பாடு! வண்டிப்பேட்டைக்குத் தாமே நடந்து, சத்தத்துக்கு மிரளாத மாடாகப் பொறுக்கி, மஞ்சள் பூசி, மாலை போட்டு, நடிகைக்குக் கறக்கவும் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"நிறுத்துய்யா படத்தை!"

விளக்கு எரிந்தது. திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஒரு பொம்பளை கதறறா, உங்களுக்கு இளிப்பு வருதா? பட்டணத்தான்தான் சுயநலத்துல கல்லாப் போயிட்டான்னு நெனச்சேன், நீங்களுமா? மாட்டோடயே பொறந்து வளந்த ஜனங்களுக்கு, கிராமம்னா என்னன்னு நான் பாடம் நடத்தணுமா?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முன்னால் இருந்த பழனாத்தாள் மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அவள் புருஷன் ஜடையன் முழங்கையால் இடித்தான்.

"சும்மா இரு புள்ளே, சாமி கோவத்துல இருக்காரு."

"அவளை ஏன்யா அடக்கறே?" என்று சீறினார் சூசைநாதன். "ஏம்மா, தைரியமிருந்தா எழுந்து சொல்லு. என்ன தமாஷைக் கண்டுட்டே? அமல்தார் ஐயாவும் கேக்கட்டும்!"

பழனாத்தாள் எழுந்தாள். அமல்தாரை நோக்கி ஒரு கும்பிடு போட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. அந்த அம்மிணி கறக்கறது எருதுங்க."