சுவரில் ஏறிய கைதி

"அந்தக் கருமத்தை முதல்ல கழட்டுடா!"

செருப்பைக்கூட விடாமல் ஹாலுக்குள் வந்து கத்தினார் சித்தப்பா.

ஸ்டூல் மேல் நின்றிருந்த போஸ்ட் மாஸ்டர் அசரவில்லை. ஆணியை இன்னும் இரண்டு தட்டு தட்டி, ஃப்ரேமை மாட்டினார். உள்ளே கொள்ளுத்தாத்தாவின் ஜெயில் பதிவேட்டு நகல். கைதி எண் 318. கிடங்குப் பூட்டை உடைத்துத் திருட்டு. பதினெட்டு மாதம் கடுங்காவல். உயரம் ஐந்தடி நாலு. இடது புருவத்தில் தழும்பு.

"நாளைக்கு உன் பொண்ணுக்குச் சம்பந்தம் பேச வர்றாங்க. திருட்டுப் பரம்பரைன்னு எழுந்து போயிடுவாங்கடா!"

"போகட்டும்! எங்க தாத்தா கப்பல்ல போய் வியாபாரம் பண்ணார்னு ஊரெல்லாம் புளுகினீங்களே சித்தப்பா, கூசலையா உங்களுக்கு? மனுஷன் பசிக்குப் பூட்டை உடைச்சார். தண்டனையை அனுபவிச்சார். வெளியே வந்து மூட்டை தூக்கி ஏழு பிள்ளைங்களை ஆளாக்கினார். ஜெயிலுக்குப் போனவன் மனுஷன் இல்லையா? அவர் எங்க ரத்தம். ஒளிச்சு வைக்க மாட்டேன்!"

"உனக்கு மறை கழண்டு போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டார் சித்தப்பா.

சமையலறை வாசலில் நின்று கேட்ட மனைவிக்குப் புல்லரித்துவிட்டது. சனிக்கிழமை தவறாமல் ரிக்கார்டு ரூமுக்கு ஓடி, தூசியில் தும்மிக்கொண்டு திரும்பும் மனிதரை இரண்டு வருஷமாகத் திட்டித் தீர்த்தவள்தான். இன்றைக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஒரு வாரமாகத் தொண்டையில் நின்ற பேச்சை இப்போதே கேட்டுவிடலாம் என்று தைரியம் வந்தது.

"ஏங்க, இன்னைக்கு மத்தியானம் உங்க தம்பியை விடறாங்களாம். கூட்டிட்டு வந்துடலாமா? மாடி ரூமைக் கூட்டிச் சுத்தம் பண்ணிட்டேன்."

போஸ்ட் மாஸ்டர் ஸ்டூலிலிருந்து குதித்தார். தெருப்பக்க ஜன்னலைப் பட்டென்று சாத்தினார்.

"மெதுவாப் பேசு! மேஸ்திரி மண்டையை உடைச்சுட்டு ரெண்டு வருஷம் உள்ளே இருந்தவன். அவனை வீட்டுல வச்சுக்கிட்டு சம்பந்தம் பேசச் சொல்றியா? மானம் கப்பலேறிடும். எங்கேயாவது கண்காணாம போய்ப் பிழைச்சுக்கச் சொல்லு!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க போற ரிக்கார்டு ரூம் எங்கே இருக்கு?"

"ஜெயில் காம்பவுண்டுலதான். அதுக்கென்ன இப்போ?"

"ரெண்டு வருஷமா வாராவாரம் அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போயிருக்கீங்க. ஒரு தடவையாவது தம்பியைப் பார்த்தீங்களா?"

அவர் மறுபடி ஸ்டூலில் ஏறினார். நேராக இருந்த ஃப்ரேமையே திரும்ப நேராக்கினார்.

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நூறு வருஷம் கழிச்சு நம்ம கொள்ளுப்பேரன் எவனாவது தம்பியோட பதிவேட்டையும் தேடி எடுத்து, இதே சுவர்ல மாட்டிப் பெருமை பேசுவான். அதுவரைக்கும் அவர் தங்க ஒரு இடம் வேணுமில்ல? நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."