முகம் கொடுக்காத டிரைவர்

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி மாலை நான்கு பத்துக்கு, துறைமுகத்தின் இரண்டாம் வாசலில் சுற்றுலாப் பேருந்து வந்து நின்றது. பயணிகள் திரும்பி ஏறவேண்டிய உல்லாசக் கப்பல் புறப்படும் நேரம் ஐந்து மணி. அந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல் அது.

"பார்த்து, மெதுவா இறங்குங்க" என்று சொல்லிக்கொண்டே வழிகாட்டி முதல் ஆளாகக் கீழே குதித்துப் படியருகே நின்றுகொண்டார். இறங்குபவர்களின் முழங்கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சிரிக்க வேண்டும். உள்ளங்கையில் திணிக்கப்படும் நோட்டைப் பார்க்காமலே பைக்குள் போட வேண்டும். பதினாறு வருடப் பழக்கம்.

"இன்னும் மெதுவாவா?" என்றார் முதலில் இறங்கிய வழுக்கைத் தலைக்காரர். "உங்க டிரைவர் மாட்டு வண்டியில்ல ஓட்டினாரு! மலையை விட்டு இறங்க ஒண்ணரை மணி நேரம். நடுவுல ரெண்டு தடவை ஓரங்கட்டிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாரு. கப்பல் போயிருந்தா நாங்க நீந்தியா போறது?"

"பத்திரமா கொண்டாந்து சேர்த்துட்டாருல்ல சார்" என்று வழிகாட்டி சிரித்தார். உள்ளே எரிந்தது.

டிரைவர் அந்நியர் அல்ல, தங்கையின் கணவர். இருவருக்கும் பதினோரு நாளாகப் பேச்சில்லை.

அதுவரை இருவருக்கும் சேர்த்துப் பயணிகள் வழிகாட்டியின் கையில்தான் டிப்ஸ் கொடுப்பார்கள். வண்டி காலியானதும் ஆளுக்குப் பாதி. எது பாதி என்பதை வழிகாட்டிதான் சொல்வார். பதினோரு நாளுக்கு முன்பு ஓர் அம்மாள் நேராக டிரைவரிடம் போய், "உங்களுக்குன்னு தனியா கொடுத்தனுப்பினேனே, வந்துச்சா?" என்று கேட்டுவிட்டார். வந்திருக்கவில்லை. மறுநாள் முதல் டிரைவர் காலையிலேயே தன் தொப்பியைக் கழற்றி இன்ஜின் மூடியின்மேல் மல்லாத்தி வைத்துவிடுகிறார். அவர் பங்கு அதில் விழும். மச்சான் முகத்தில் விழிப்பதில்லை.

நேற்றுத் தங்கை போன் செய்திருந்தாள். "அண்ணே, வீட்டுலயும் அவர் சரியா சாப்பிடறதில்ல. உன்னை அவ்வளவு நம்பினாரு. நாளையோட கப்பல் முடியுது, அப்புறம் அஞ்சு மாசம் நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்கவே மாட்டீங்க. அப்படியே விட்டுப் போயிடும். நீயே இறங்கி வாயேன்."

இன்று கேட்டுவிடுவது என்றுதான் வழிகாட்டி காலையில் கிளம்பினார். ஆனால் மலையில் வண்டி ஓரங்கட்டியபோது, "என்ன ஆச்சு மாப்ளே?" என்று வலியப் போய்க் கேட்டதற்கு, பேசாதே என்பதுபோல் டிரைவர் கையை மட்டும் உயர்த்தினார். கப்பலைத் தவறவிட்டு என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்க்கிறான் என்று அப்போது வழிகாட்டிக்குத் தோன்றியது.

ஒரு கணவனும் மனைவியும் இறங்கினார்கள்.

"தொப்பியில போட்டீங்களா?" என்று மனைவி கேட்டார்.

"போட்டேன், போட்டேன். தேங்க்ஸும் சொன்னேன். மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கல. அவ்வளவு ராங்கி."

"சிரிப்புக்குத் தனியா டிப்ஸ் வைக்கணும் போல" என்றது பின்னால் ஒரு குரல். வரிசை முழுவதும் சிரித்தது.

"பல்வலிங்க அவருக்கு" என்று வழிகாட்டி சமாளித்தார். படியில் ஒரு காலை வைத்துத் தலையை உள்ளே நீட்டினார். டிரைவர் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்திருந்தார்.

"மாப்ளே, என் மேல இருக்கிற கோவத்தை அவங்ககிட்ட காட்டாத. கொஞ்சம் சிரிச்சா கொறஞ்சா போயிடுவ?"

வழிகாட்டி தலையை வெளியே இழுத்துக்கொண்டார்.

"நான் போடவே இல்ல" என்று ஒரு பெண்மணி வழிகாட்டியின் காதருகே சொல்லிவிட்டுப் போனார். "அந்த மூஞ்சிக்கு மனசு வரல."

முப்பத்தாறு பேரும் இறங்கி முடிக்க இருபது நிமிடம் ஆனது. கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் வழிகாட்டி வண்டிக்குள் ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

"சரி, நானே சொல்லிடறேன். எடுத்தேன். அன்னிக்கு மட்டுமில்ல மாப்ளே, ரெண்டு வருஷமா. நீதான் எண்ணிப் பார்க்க மாட்டியே, அந்தத் தைரியம்தான். தங்கச்சிக்கு இது தெரியாது."

டிரைவர் அசையவில்லை.

வழிகாட்டி பையைத் திறந்து அன்றைய நோட்டு மொத்தத்தையும் தொப்பிக்குள் கவிழ்த்தார். சில கீழே விழுந்தன. எடுக்கவில்லை.

"இன்னிக்கு எல்லாமே உனக்குத்தான். பழசையும் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துடறேன். கல்யாணத்துல மாலையைப் போட்டு உன்னைக் கூட்டிட்டு வந்தவன் நான். திருடன்னாவது ஒரு வார்த்தை சொல்லு. இல்ல, செவிட்டுல ஒண்ணு வை, வாங்கிக்கறேன். இப்படி முகம் கொடுக்காம மட்டும் இருக்காத."

எழுந்து போய் அவர் தோளைப் பற்றித் தன் பக்கம் திருப்பினார்.

துறைமுக மருத்துவர், மாரடைப்பு மலையிலேயே தொடங்கியிருக்கும் என்றும், வண்டியை நிறுத்திய ஓரிரு நிமிடத்தில், அநேகமாக முதல் பயணி படியிறங்கும் முன்பே, உயிர் போயிருக்கும் என்றும் எழுதிக் கொடுத்தார். கப்பல் ஐந்து மணிக்கு, ஒருவரும் விடுபடாமல், புறப்பட்டது.