மேல் கட்டில் யாருக்கு?

"முதல் நாள் ராத்திரி எங்க தங்கறோம்?" என்று கேட்டாள் மனைவி.

"லைட்ஹவுஸ் பக்கத்துல, டூர் வர்றவங்க தங்கற ஹாஸ்டல்ல. அங்க புருஷன் பொண்டாட்டின்னாலும் அடுக்குக் கட்டில்தான். மேல் கட்டில் எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்" என்றார் கணவர்.

"அதை அப்புறம் பாக்கலாம். ரெண்டாவது நாள்?"

"பாலம் தாண்டினதும் கடல் காத்து எதிர்ல அடிக்கும். மெதுவாத்தான் மிதிக்கணும். மீன் மார்க்கெட் பின்னாடி இன்னொரு ஹாஸ்டல் இருக்கு."

"எல்லாத்தையும் விரல் நுனியில வெச்சிருக்கீங்களே!"

"பின்னே? அந்த ரோட்டுல என்னைக் கண்ணைக் கட்டி விட்டாலும் போயிடுவேன்."

"சரி, மூணாவது நாள்?" அவளுக்கு லேசாக மூச்சு வாங்கியது.

"அன்னிக்குத்தான் ஒரு பெரிய மேடு வரும். இறங்கித் தள்ளிக்கிட்டுப் போயிடலாம். அதுல என்ன வெக்கம்? நீ என்ன சொல்றே?"

அவர் குரலை உயர்த்தினார்.

"உன்னைத்தான்! காதுல விழுதா?"

திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நேரமும் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தவள், தெருக்கோடியில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.

வேலையில் இருந்த வரை அந்தக் கடலோரச் சாலையில் பஸ் ஓட்டியவர், யாரும் பிடிக்காமல் சைக்கிள் ஓட்டியது இதுதான் முதல் தடவை. அது புரிந்த நொடியே பொத்தென்று வேலியோரப் புதரில் விழுந்தார்.

"ஓட்டிட்டீங்க! இன்னிக்கே ஹாஸ்டல் புக் பண்ணிடலாம்! மேல் கட்டில் உங்களுக்குத்தான்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

அவர் முழங்காலைத் தடவியபடி சிரித்தார்.

"வேணாம்மா... எனக்குக் கீழ் கட்டிலே போதும்!"