மாஸ்டர் காப்பி

டெஸ்பாட்ச் மேஜைக் கம்ப்யூட்டரில் தன் மகள் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கணக்கம்மாவுக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. கையில் மஞ்சள் குடை, பறக்கும் தலைமுடி, பின்னால் கடல். திரை முழுக்க அவள் பெற்ற பெண்தான்.

மேஜைக்காரன் நாற்காலியில் இல்லை. ஆபீசே 'ஸ்டைலு' என்று கூப்பிடும் டெஸ்பாட்ச் கிளார்க், தலைமேல் கூலிங் கிளாசைச் செருகிக்கொண்டு வாசலில் லாரி டிரைவரோடு அரட்டையில் இருந்தான்.

அவள் கை பட்டு மவுஸ் நகர்ந்தது. படம் மறைந்து, பழைய பில்லிங் சாப்ட்வேர் வந்து நின்றது.

"என்ன மேடம், ஏதாவது பில் வேணுமா?" ஸ்டைலு ஓடி வந்தான்.

"உன் கம்ப்யூட்டர்ல யார் போட்டோ வச்சிருக்க?"

"போட்டோவா? காலையிலதான் புது டப்பாவை மாட்டிட்டுப் போனாங்க. இன்னும் உருப்படியா ஒரு பில்லே போடல மேடம்" என்று பல்லைக் காட்டினான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள் கணக்கம்மா. பம்ப் உதிரிபாகம் விற்கும் அந்தக் கம்பெனியில் கணக்கு முழுக்க அவள் பொறுப்பு. ஒரு பைசா இடித்தாலும் ஊரைக் கூட்டிவிடுவாள். பெற்ற பெண் விஷயத்தில் சும்மா இருப்பாளா?

அறைக்குத் திரும்பி நடக்கையில் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாக மகள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறாள். யாரு என்று கேட்டால் ஃப்ரெண்ட் என்கிறாள். போன ஞாயிறு தோழி வீட்டுக்கு என்றுதானே கிளம்பினாள், கடலுக்கு எப்போது போனாள்? அந்தப் படத்தை எடுத்தது யார்?

அவள் அறையில் கம்ப்யூட்டர் இன்ஜினியர் மேஜைக்கு அடியில் படுத்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன் வாங்கி வைத்திருந்த சர்க்கரை போடாத டீ மேஜைமேல் ஆறிக்கொண்டிருந்தது. வெளிக் கம்பெனியிலிருந்து வந்தவன், இந்த வாரம் முழுக்க இங்கேதான் வேலை.

"முடிஞ்சுதா தம்பி? என் பழைய சாப்ட்வேர் ஓடுமா?"

"ஓடும் மேடம். அது புது கம்ப்யூட்டர்ல ஏறாது, முதலாளியும் அதை விடமாட்டேங்கிறார். அதனால ஒரு மெஷின்ல அதைச் சரியா ஓட வச்சு, அந்த மாஸ்டர் காப்பியை சர்வர்ல போட்டு எல்லாருக்கும் கொடுத்திருக்கோம். இங்க மேஜைல இருக்கிறது வெறும் ஜன்னல். வீடு சர்வர் ரூம்ல இருக்கு."

"அப்போ யார் என்னென்ன வச்சிருக்காங்கன்னு அங்கேருந்து பார்க்கலாமா?"

"பார்க்கலாம். ஆனா அடுத்தவங்களோடதைப் பார்க்கிறது முறையில்ல மேடம். ஏன் கேக்கறீங்க?"

அவள் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த ஸ்டைலு கம்ப்யூட்டர்ல ஒரு போட்டோ பார்த்தேன். என் பொண்ணு போட்டோ."

மேஜைக்கு அடியிலிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தான் இன்ஜினியர்.

"அவர் அப்படிப்பட்டவர் மாதிரி தெரியலையே மேடம். கல்யாணமாகி வீட்ல கைக்குழந்தை வேற இருக்குன்னு சொன்னார்."

"அதனாலதான் தம்பி வயிறு எரியுது! கட்டினவளை வீட்ல வச்சுக்கிட்டு என் பொண்ணோட கடற்கரை கேக்குதா அவனுக்கு?" கணக்கம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இன்னிக்கே அவனை மலையடிவாரக் குடோனுக்குத் தூக்கிடுவார். அங்க போய் மூட்டையை எண்ணட்டும்."

"அவசரப்படாதீங்க மேடம். தீர விசாரிச்சுட்டு..."

"விசாரிக்க என்ன இருக்கு? கண்ணால பார்த்தேன்!"

இத்தனை நேரம் யாரும் தொடாமல் கிடந்த அவள் புதுத் திரை ஒருமுறை மங்கியது. பிறகு மெல்ல வெளிச்சமாகி மஞ்சள் குடையும் கடலும் தெரிந்தன. அவள் மகள் அவள் மேஜையிலேயே சிரித்தாள்.

"பார்த்தியா? என் ரூமுக்குள்ளயே புகுந்துட்டான்! எவ்வளவு நெஞ்சழுத்தம்!"

இன்டர்காமை எடுத்து முதலாளியின் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் "சொல்லும்மா" என்று அவர் குரல் கேட்பதற்குள் இன்ஜினியர் பாய்ந்து வந்து போன் இணைப்பைத் துண்டித்தான்.

"வேணாம் மேடம். அந்த டெஸ்பாட்ச் மனுஷன் பாவம், அவருக்கு இதுல ஒண்ணும் தெரியாது. கம்ப்யூட்டரைத் தொடாம சும்மா விட்டா தானா வர்ற ஸ்க்ரீன் சேவர் படம் இது. மாஸ்டர் காப்பியோட சேர்ந்து எல்லா ஸ்க்ரீனுக்கும் போயிருக்கு. நான் கவனிக்காம விட்டுட்டேன்."

கணக்கம்மா ரிசீவரைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள்.

"அந்த மாஸ்டர் காப்பியை யாரோட மெஷின்ல செஞ்சீங்க?"

அவன் தலை குனிந்தது.

"என் லேப்டாப்லதான்... அத்தை."