முழு ரிங்

அவள் வட்டத்தின் நடுவில் வந்து நின்றாள்.

சுற்றிலும் ஒன்பது பேர். வெறுங்கால்கள். காலையிலிருந்து விழுந்து புரண்டதில் எல்லார் முழங்காலிலும் தூசி.

நாடகப் பயிற்சியின் விதி எளிது. ஒருவர் தன் கதையைப் பேசாமல், உடம்பால் சொல்ல வேண்டும். அந்தக் கதைக்கு என்ன வேண்டுமோ அதுவாக மற்றவர்கள் ஆக வேண்டும். கதவு, பேருந்து, நாய், மழை, எதுவானாலும். யாரும் யாரையும் கேட்கக் கூடாது. யாருடைய உடம்பு முதலில் அசைகிறதோ அவர்தான்.

ஒருமுறை ஜெரால்ட் பிரஷர் குக்கர் ஆனான். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலித்தது.

இன்று அவள் முறை.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இப்போதுதான் திண்டிவனத்திலிருந்து வந்திருக்கிறாள். வேறு கதை செய்யலாமே என்று பயிற்சி நடத்தும் தேன்மொழி அக்கா மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தோளைத் தளர்த்தினாள். முதுகு வளைந்தது. இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். இல்லாத போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, ஆள்காட்டி விரலால் குத்தினாள்.

வட்டத்தில் ஓரிருவர் புன்னகைத்தார்கள். அவளுடைய மிஸ்டு கால் அப்பாவை எல்லாருக்கும் தெரியும்.

அப்பா ஊரறிந்த கஞ்சன். ஒரே ஒரு ரிங். உடனே கட். அவள்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். எவ்வளவு பேசினாலும் தனியாகக் காசு போகாத காலம் வந்த பிறகும் மனிதர் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இறந்த அன்றைக்கும் கூப்பிட்டிருந்தார்.

பயிற்சிக்கு வருகிறவர்கள் போனை வைப்ரேஷனில் வைத்து, வாசலோர பெஞ்சில் இருக்கும் பிரம்புக் கூடையில் போட்டுவிட வேண்டும். வட்டம் கூடிவிட்டால், கதைக்காகத் தவிர, அதைவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது.

மதியம்தான் எடுத்துப் பார்த்தாள். அப்பா, ஒரு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டாள். எதிர்வீட்டுக்காரர் எடுத்தார்.

ஒரு ரிங்கில் கட் செய்தாரா, கடைசிவரை காத்திருந்தாரா, அதைப் போன் சொல்லாது.

வழக்கம்போல ஒரு ரிங்தான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். சாப்பிட்டாயா என்று கேட்கக் கூப்பிட்டிருப்பார். நெஞ்சுவலி அப்புறம்தான் வந்திருக்கும்.

அப்படி நினைத்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

இப்போது விரலால் குத்திவிட்டுக் காத்திருந்தாள். கதைக்கு ஒரு போன் வேண்டும்.

ஜெரால்டின் உடம்பு முதலில் அசைந்தது.

வாசலோரம் போனான். பெஞ்சுக்குக் கீழே, கூடைக்கு நேராக, சுருண்டு படுத்தான். முதுகு அதிர்ந்தது. நின்றது.

ஒரு ரிங்.

அவள் கட் செய்தாள்.

ஜெரால்டின் முதுகு மறுபடி அதிர்ந்தது. நின்றது. அதிர்ந்தது.

அவன் பார்க்கவில்லை போலிருக்கிறது. கையை உயர்த்தி, அழுத்தமாக மறுபடி கட் செய்தாள்.

அதிர்ந்தது. நின்றது. அதிர்ந்தது.

வட்டத்தில் நின்ற பர்வீனின் தோள் அதிர ஆரம்பித்தது. பிறகு அவளுக்குப் பக்கத்தில் நின்றவன். பிறகு இன்னொருத்தி.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் தரையில். ஆனாலும் அதே அதிர்வு, அதே இடைவெளி.

இதை யாரும் கற்பனையில் செய்யவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

அன்று வட்டத்தின் நடுவில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தவள் அவள். தன் மூச்சைத் தவிர அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அசையாமல் நின்றவர்கள் இவர்கள். யாரோ ஒருவருடைய போன் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். யாரும் வட்டத்தைவிட்டு நகரவில்லை.

ஒன்பது பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது.

அதிர்வு தொடர்ந்தது. இவ்வளவு நேரமா? ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இவ்வளவு நேரமா? வாழ்நாளில் ஒரு போனையும் முழுதாக அடிக்கவிடாத மனிதர்.

அவள் எழுந்தாள். இரண்டு பேருக்கு நடுவே புகுந்து வட்டத்தைவிட்டு வெளியே போனாள். ஜெரால்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். அவன் முதுகில் காதை வைத்தாள்.

"சொல்லுங்கப்பா."

வட்டத்தில் எல்லாத் தோள்களும் நின்றன.

போனை எடுத்தாகிவிட்டது. ஜெரால்டின் முதுகு மட்டும் நிற்கவில்லை. இப்போது அதில் இடைவெளியும் இல்லை.