சங்கு ஊதிய பிறகு

சுரங்கக் குழியில் நீர் நிரப்பி ஆக்கிய ஏரியின்மேல் மாலை வெயில் தகரம்போல் மின்னுகிறது. படகுகளைக் கரைக்கு அழைக்கப் பழைய சுரங்கச் சங்கையே ஊதுகிறார்கள். பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். சுரங்கம் நடந்த நாட்களில் இந்தச் சங்கு ஊதினால், ஆட்கள் எல்லோரும் குழியிலிருந்து மேலேறிய பிறகே மேஸ்திரி இடத்தைவிட்டு நகர்வார். பெரியவர்தான் அந்த மேஸ்திரி. மண்சரிவில் புதைந்த அவர் தம்பியைத் தோண்டி எடுக்காமலே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். வாத்துப் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கரைசேர்கின்றன. “என்ன பெரியவரே, ஏரியைச் சுருட்டிக் கையோட கொண்டுபோகவா நிக்கிறீங்க?” என்று சிரித்தபடி படகுக்காரர் சங்கிலியைப் பூட்டுகிறார். “வாங்க மாமா, எல்லாரும் வந்தாச்சு,” என்கிறாள் அவருடன் வந்த மருமகள். “நம்ம வீட்டு ஆள் ஒருத்தன் இன்னும் வரலைம்மா.” அவள் தலை குனிகிறது. சங்கு மறுபடி ஊதுகிறது. குழிக்குள் போன பழைய லாரிப் பாதை தண்ணீருக்குள் இறங்கிப் போகிறது. அதில் யாரும் ஏறி வரவில்லை.